சடையைச் சுற்றி ஊர்ந்த எறும்புகள்

ஓடிப்போனாள், ஓடிப்போனாள் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறீர்களே, ஓடுகிறவள் பகல் பதினொரு மணிக்கு, இரண்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெரு முழுக்க ஆள் நிற்கும்போதா ஓடுவாள்? அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. வாளியோடு வரிசையில் நின்றவர்கள் நீங்கள் எல்லாரும்தான். வாளியை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டவள் கீழ்வீட்டுக்காரி. அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது நான் இல்லை, அவளைக் கட்டின புருஷன்.

அவள் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோக்காரருடைய தம்பியோடு போய்விட்டாள் என்பது ஒரு கதை. அந்தத் தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயசு. முட்டிவலி. ஒரு மாடி ஏற இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவார். அவரோடு ஓடுவதென்றால் அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

இன்னொரு கதை, நாத்தனார் வாழக்கூடாது என்று வேண்டுமென்றே பொய்ப் படம் அனுப்பினாள், குட்டு உடைந்ததும் முகத்தைக் காட்ட முடியாமல் போய்விட்டாள் என்பது. முதல் கதையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இதைக் கேட்டால் வயிறு எரிகிறது. ஏனென்றால் "இந்த வீட்டுப் பெண் வாழணும்னு அவளுக்கு மனசில்ல" என்கிற அந்தப் பேச்சு முதன்முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்லச் சின்ன மகள் எழுதுகிறாள். பெரிய மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதிலும் விழட்டும் என்றுதான் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன்.

போனவள் என் மகனுடைய பெண்டாட்டி, என் மருமகள். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்கிற வேலை அவளுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் என்ன வேலையம்மா என்று கேட்டேன். போட்டோவில் ஆளைப் பிரித்து எடுக்கிற வேலை என்றாள். ஆளைப் பிரிக்கிறதற்குச் சம்பளமா, எங்கள் ரேடியோ அதைச் சும்மாவே செய்கிறாளே என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் சோற்றுத் தட்டு கவிழ்ந்தது. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

என் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். முன்பக்கம் ஒரு மேஜை. அதற்குப் பின்னால் திரை கட்டின அறை. அதையும் தாண்டிக் காற்றே வராத ஒரு சின்ன அறையில் இவளும் கம்ப்யூட்டரும். கூரையில் ஒரு மின்விசிறி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும். எடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்து, பின்னால் இருக்கும் பச்சைச் சுவரை வெள்ளையாக்கணும் அத்தை என்று சொல்லிக் கையை நகர்த்தினாள். என் தலையைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப் பொடியாக ஒரு கோடு வந்தது. வந்தது மட்டுமா, ஊர்ந்தது. நான் முந்தானையை எடுத்துக் கண்ணாடித் திரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், எறும்பு என்று. ஸ்டுடியோக்காரர் முன்பக்கத்திலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வேலைக்குப் பேரே எறும்பு விடுவது என்றாகிவிட்டது. அவளையும் எறும்பு என்றுதான் கூப்பிடுவேன். அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

எறும்பு நிற்கிற கோடு வரைக்கும்தான் நமக்கு அதிகாரம் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கோட்டுக்கு உள்ளே இருப்பதை அழிக்கலாம், வெளுக்கலாம், வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். கோட்டுக்கு வெளியே இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதுதான் வேலை, மற்றதெல்லாம் ஒரு நிமிஷம். திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படமாக ஒரு வரிசை இருக்கும். எழுத்தாக இல்லாததால் எனக்கும் விளங்கியது. ஒன்று கட்டம். ஒன்று கயிற்றுச் சுருக்கு மாதிரி, அதை எடுத்தால் கையாலேயே சுற்றி வரைந்துகொண்டு போகலாம். ஒன்று மந்திரவாதியின் கோல். அதை ஓரிடத்தில் தொட்டால், தொட்ட நிறத்தில் பக்கத்தில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் தன் ஆள் என்று சேர்த்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரைத் தொட்டால் முன்னால் நிற்கிறவர் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையும் போய்விடும். அவசரக்காரர்கள் அதைத்தான் எடுப்பார்கள் என்பாள். இவள் கயிற்றைத்தான் எடுப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் செய்த தப்பை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆளைச் சுற்றிக் கோடு போட்டபின் அதைத் திருப்பிப் போட வேண்டுமாம். அப்போதுதான் ஆள் வெளியிலும் சுவர் உள்ளேயும் வரும். திருப்பிப் போட மறந்து அழித்துவிட்டாள். அழிந்தது சுவர் இல்லை, ஆள். பாங்கியில் வேலை பார்க்கிற ஒரு மனிதர், நெற்றி முதல் மார்பு வரை வெள்ளையாய் ஒரு ஓட்டை, சுற்றிலும் சுவர் மட்டும் அழகாக இருக்கிறது. அதைக் கவனிக்காமல் எட்டுப் படம் அச்சடித்தும் விட்டாள். "சுவருக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட், அது எந்த ஊருக்குப் போகப் போகுது?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டாராம். அதன் பிறகு ஒவ்வொரு தரமும் எந்தப் பக்கம் பிடித்திருக்கிறோம் என்று விரலால் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

முடி என்றால் அவளுக்கு உயிர். மற்ற ஸ்டுடியோக்களில் தலையைச் சுற்றித் தொப்பி மாதிரி வெட்டிவிடுவார்கள், காதோரம் பறக்கிற நாலு முடி இருக்காது. இவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, காது ஒரு குகை மாதிரி தெரிகிற அளவுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு முடியாகச் சுற்றிவருவாள். ஓரத்தைப் பஞ்சு மாதிரி கொஞ்சம் இளக்குவாள். இத்தனை பாடு எதற்கு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க வீட்ல பாப்பாங்க அத்தை. முடி தப்பானா ஏதோ தப்புன்னு தோணும், என்னன்னுதான் சொல்லத் தெரியாது" என்றாள்.

எனக்கு ஒரு தரம் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தேன். விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். கண் விழித்துப் பார்த்தால், போர்வைமேல் கிடந்த என் கையை ஒட்டி அவள் விரல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. கட்டைவிரல், அப்புறம் அடுத்த விரல், இடுக்கெல்லாம் விடாமல். என்னடி பண்றே என்றேன். எறும்பு விடுறேன் அத்தை, நீங்க தூங்குங்க என்றாள். என் வயிற்றில் பிறந்ததுகள்கூட என் கையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சின்னவள் முறைக்கிறாள். உள்ளதைத்தானே சொல்கிறேன், எழுது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காவலாளி வேலை பார்க்கிற ஒருவர் வந்து, தனக்குக் கோட் போட்ட மாதிரி படம் வேண்டும் என்றார். போட்டுக்கொடுத்தாள். தோளில் அதிகாரி மாதிரி மூன்று நட்சத்திரமும் வைத்துக்கொடு என்றார். மாட்டேன் என்றுவிட்டாள். அவர் கத்தினார். ஸ்டுடியோக்காரர் கண்ணைக் காட்டினார். அப்போதும் மாட்டேன் என்றுதான் சொன்னாள். "கோட் கடையில வாடகைக்குக் கிடைக்கும் சார். நட்சத்திரம் கிடைக்காது" என்றாளாம். இருக்கிற அழுக்கைத் துடைக்கலாம், இல்லாத வெளிச்சத்தைக் கொடுக்கலாம், இன்னொருத்தருடையதை எடுத்து இவருக்கு மாட்டக்கூடாது. இதுதான் அவள் கணக்கு. இது தெரிந்திருந்தும்தான் நான் அவளிடம் அப்படிக் கேட்டேன்.

பெரியவளுக்கு அப்போது இருபத்தொன்பது. மருந்துக்கடையில் வேலை. பல்வரிசையும் கண்ணும் கண்பட்டுவிடுகிற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வயசில் ஒரு டைபாய்டு வந்து ஆறு வாரம் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது தலையணையெல்லாம் முடி. பிறகு வளர்ந்தது, பழையபடி இல்லை. அவளே வேடிக்கையாகப் பேசுவாள், என் எலிவால் காய்ந்துவிட்டதா பார் என்று. பேச்சுதான் வேடிக்கை. கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவாள். மூன்று இடத்துக்கு அவள் படத்தை அனுப்பினோம், அதில் அவள் தண்டனைக்கு நிறுத்தின மாதிரி விறைப்பாக நின்றாள். மூன்று இடத்திலிருந்தும் பதிலே இல்லை. பிடிக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

நல்லதாக ஒரே ஒரு படம் இருந்தது. மொட்டை மாடியில் மருமகளே தன் கைப்பேசியில் எடுத்தது. சின்னவள் அக்காவின் காதில் ஏதோ சொல்கிறாள், மருந்துக்கடை மேனேஜரைப் பற்றி ஏதோ கேலி. பெரியவள் தன்னை மறந்து சிரிக்கிறாள். இரண்டு பேருக்கும் கன்னத்தோடு கன்னம். சின்னவளுடைய சடை, மணிக்கட்டுக் கனத்தில் இடுப்புக்குக் கீழ் போகிற சடை, அக்காவின் தோள் வழியாக வந்து அவளுடைய மார்பில் கிடக்கிறது.

அந்தப் படத்தில் பெரியவளை மட்டும் எடுத்துக்கொடு என்று நான் ஸ்டுடியோவுக்கே போய்ச் சொன்னேன். மருமகளுக்கு ஒரே சந்தோஷம். "நானே சொல்லணும்னு இருந்தேன் அத்தை. இந்தச் சிரிப்பை வெளியில யாரும் பாத்ததே இல்ல" என்று உடனே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் ஒரு முக்காலியில். முழங்கையிலிருந்து ஆரம்பித்துக் கயிற்றை விட்டாள். கன்னம் இரண்டும் ஒட்டுகிற இடத்தில் பாவம் திணறினாள். அக்கா தங்கை நிறம் ஒன்று, கம்ப்யூட்டருக்கு எது எவளுடையது என்று தெரியவில்லை. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு தொட்டால் சேரும், இன்னொன்றை அழுத்திக்கொண்டு தொட்டால் விலகும். சேர்த்தும் விலக்கியும் சின்னவள் கன்னத்தைப் பொட்டுப் பொட்டாக வெளியே தள்ளினாள். இரண்டு மணி நேரமாவது இருக்கும். கடைசியில் சடையைச் சுற்றி எறும்பு விட்டாள், அதையும் விலக்கிவிட்டு அடியில் மறைந்திருக்கும் சட்டையின் நீலத்தை நிரப்ப.

அதை விட்டுடு என்றேன். எதை என்றாள். சடையை என்றேன்.

"அது சின்னவளோடது அத்தை."

"எனக்குத் தெரியாதா? ரெண்டு தலைக்கும் எண்ணெய் வச்சவ நான். ஒரு வயித்துல பொறந்த முடி, யாரு தோள்ல கிடந்தா என்ன?"

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வருகிறவர்கள் நேரில் பார்க்கமாட்டார்களா என்று கேட்டாள். வந்துவிட்டால் அவள் சிரிப்பைப் பார்த்து முடியை மறந்துவிடுவார்கள், முதலில் வரவைக்க வேண்டுமே என்றேன். அந்தச் சிரிப்பே வரவைக்கும் என்றாள். மூன்று இடத்தில் வரவைக்கவில்லையே என்றேன். அந்தப் படத்தில் சிரிப்பே இல்லையே அத்தை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயம் அவள் பக்கம் இருந்ததால் வந்த கோபம். அன்றைக்கு நட்சத்திரத்துக்குச் சொன்னதுதான் இதற்கும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"உனக்கென்ன, நீ வந்தாச்சு, வாழ்ந்தாச்சு. இந்த வீட்டுப் பொண்ணு வாழணும்னு உனக்கு மனசில்ல."

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. திரையில் அந்த எறும்புகள் மட்டும் சடையைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தன. என் பக்கம் திரும்பவில்லை அவள். பிறகு ஒரு கட்டையை அழுத்தினாள். வெளியே தள்ள இருந்த சடை உள்ளே வந்து பெரியவளோடு சேர்ந்துகொண்டது.

சேர்த்ததோடு விட்டிருந்தால்கூட ஒட்டுப்போட்டது தெரிந்திருக்கும். அரைகுறையாக ஒன்றைச் செய்ய அவளுக்கு வராது. காதுக்குப் பின்னால் பெரியவள் முடியும் சின்னவள் சடையும் சேருகிற இடத்தில் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு இழையாக இழுத்து, ஓரத்தை இளக்கி, பெற்றவளே பார்த்தாலும் நம்புகிற மாதிரி ஆக்கினாள். அச்சடித்து உறையில் போட்டு என் கையில் கொடுத்தாள். உறையைக் கல்யாணத் தரகர் பையில் வைத்தது நான். வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. பெரியவளிடம், மாடியில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவனுடைய அத்தை, கூட ஒரு உறவுக்காரர். பெரியவள் எப்போதும் போல முடியைப் பின்னால் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர்கள் முதலில் தலையைப் பார்த்தார்கள், நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டிருக்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. பையன், டாக்டர்கள் எழுதுவதை எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டான். "படிக்கிறதில்லங்க, நோயாளி முகத்தைப் பாத்து ஊகிக்கிறதுதான்" என்று பெரியவள் சொல்லிச் சிரித்தாள். அந்த மாடிச் சிரிப்பு. பையன் தன் கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று மறந்துபோய் அவளையே பார்த்தான். அவனுடைய அத்தையும் சிரித்தாள். இதோ முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. மருமகள் சொன்னது சொன்னபடி இருந்தது. நீலச் சட்டையில் ஒரு சடையும் இல்லாமல் அந்தப் படம் போயிருந்தாலும் அவர்கள் வந்திருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் தண்ணீர்த் தட்டோடு வந்து குனிந்தாள். சடை முன்னால் சரிந்து விழுந்தது. பையனின் அத்தை அதைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், பெரியவளை ஒருதரம் திரும்பி உட்காரச் சொன்னாள். பெரியவளுக்கு ஒன்றும் தெரியாது, திரும்பினாள்.

"முகம் ஒரு பொண்ணு, சடை ஒரு பொண்ணா? ரெண்டையும் சேத்துக் கட்டிக்க எங்க பையனுக்குத் தெம்பு இல்லம்மா."

சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். பெரியவள் அந்தப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். தன் தோளில் கிடக்கிற சடையின்மேல் விரலை வைத்து, இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி தன் தோளையும் ஒருதரம் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். சடைக்காரப் பெண்ணைக் கொடுப்பீர்களா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். சின்னவள் அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். ஆனால் பெரியவள் உள்ளே இருந்து கேட்டுவிட்டாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வாளி நிரம்பி வழிந்தும் மூடவில்லை.

அன்று சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் இருந்தோம். என் மகன் லிப்ட் பழுதுபார்க்கிறவன், அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் தரையில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் உள்ளே நுழைந்து செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. பெரியவள் படத்தைக் காட்டினாள்.

"இது நீங்க பண்ணின வேலையா அண்ணி?"

மருமகள் என்னைப் பார்த்தாள். முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார இடம் விட்டு நகருவார்களே, அந்த மாதிரி எனக்கு இடம் விட்டாள். ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம். நான் சொல்லியிருக்கலாம். நான்தான் கேட்டேன், அவள் மாட்டேன் என்றாள், நான் அடித்துப் பேசிச் செய்யவைத்தேன் என்று மூன்றே வார்த்தை. பெரியவள் முகத்தைப் பார்த்தேன். இவள் என்னை இனிமேல் அம்மா என்று கூப்பிடமாட்டாள் என்று பயம் வந்துவிட்டது. மருமகள் என்றால் தாங்கிக்கொள்வாள், மகள் தாங்கமாட்டாள் என்று மனசு ஒரு ஓட்டம் ஓடிப்பார்த்தது. குனிந்து பருப்பைப் பார்த்தேன். கல் இல்லாத பருப்பைத் திரும்பத் திரும்பப் பொறுக்கினேன்.

"ஆமா. என் கைதான் செஞ்சுது" என்றாள் மருமகள்.

சின்னவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். இவளுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும். எழுதடி. நிறுத்தாதே. உள்ளே துணி உதறுகிற சத்தமும் நின்றுவிட்டது. நிற்கட்டும்.

பிறகு நடந்ததெல்லாம் தெருவுக்கே தெரியும். தரகர் நாலு வீட்டில் சொன்னார், ரேடியோ மிச்ச வீடுகளில் சொன்னாள். நாத்தனாருக்கு நல்லது நடக்கக்கூடாது என்று செய்தாள் என்றார்கள். நல்லது நடக்கக்கூடாது என்று நினைக்கிறவள் முடியைக் கூட்டுவாளா, குறைப்பாளா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானாவது கேட்டிருக்கலாம். இவ்வளவு சுத்தமாக ஒட்ட இவளை விட்டால் வேறு யாருக்கு வரும் என்று, அவளுடைய கைத்திறனையே சாட்சியாக வைத்துப் பேசினார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் ஸ்டுடியோவில், உள்ளே இருக்கிற அம்மா கை வைக்க வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர்தான். கொஞ்ச நாள் முன்பக்கம் இரு என்றார். அவள் மேஜைக்குப் பின்னால் நின்று, அச்சடித்த படங்களைக் கத்திரியால் வெட்டி உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கம்ப்யூட்டரில் புதிதாக ஒருவர், கோலை எடுத்துத் தொட்டு, எல்லார் தலைக்கும் தொப்பி வெட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெரியவள் அவளோடு பேசுவதை நிறுத்தினாள். ஒருநாள் சின்னவள் கைப்பேசியில் படம் எடுக்கப் போனபோது, மருமகள் காதில் விழும்படியே, "வேண்டாம்மா, என்னை எடுத்தா நான் வேற யாராவது ஆயிடுவேன்" என்றாள். மருமகள் அப்போது ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொடர்ந்து துடைத்தாள்.

நாலு மாசம் அப்படிப் போனது. அவள் ஒருநாள்கூட என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பாள், கால் பிடிப்பாள், அத்தை என்பாள். ஆனால் எறும்பு என்று நான் கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. வாய் வரவில்லை. என் மகன் நடுவில் மாட்டிக்கொண்டான். அந்த வேலையை விட்டுவிடு, வீட்டில் இரு, ஊர் வாய் தானாக மூடும் என்று சொன்னான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். அவள், இதை விட்டால் எனக்குக் கை இருந்து என்ன என்று கேட்டாள்.

வேறொரு ஊரில் வேலை இருக்கிறதென்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள். கடைகளுக்கான விலைப்பட்டியல் அச்சடிக்கிற இடம். செருப்பு, குக்கர், நாற்காலி, பிளாஸ்டிக் வாளி, இதையெல்லாம் படம் எடுத்துச் சுற்றிலும் இருப்பதை வெட்டி எடுக்கிற வேலை. நாள் முழுக்கச் செருப்பைச் சுற்றியா எறும்பு விடப்போகிறாய் என்று என் மகன் கேட்டான். செருப்புக்கு அம்மா இல்லை என்றாள். அவனுக்கு அது என்ன பேச்சு என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கிளம்புகிற நாள் காலையில் பாயைச் சுருட்டி வைத்தாள், என் மாத்திரையை வேளைக்கு ஒன்றாகப் பிரித்து மூன்று டப்பாவில் போட்டு, எழுத்து எனக்குத் தெரியாதே என்று ஒன்றில் சூரியன், ஒன்றில் தட்டு, ஒன்றில் நிலா வரைந்து ஒட்டினாள். என் மகன் ஆட்டோ கூப்பிடக் கீழே போயிருந்தான். சின்னவள் வேலைக்குப் போய்விட்டாள். பெரியவளுக்கு அன்று மத்தியான வேலை. அறைக்குள் இருந்தாள், கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் உள்ளே கேட்கும்.

மருமகள் வாசல்படியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பாதிக் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் கிளம்புறேன் அத்தை. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

எனக்கு வாய் திறந்தது. நெஞ்சு வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு அடி மேலே வந்தால் போதும். உள்ளே பெரியவள் அலமாரியை மூடுகிற சத்தம் கேட்டது.

"குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

இரண்டு மாசமாக ஒரு சொட்டு மழை கிடையாது.

"எடுத்துக்கிட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, பைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.